சைட்டேஷன், எச்-இண்டெக்ஸ், இம்பாக்ட் ஃபேக்டர்: மதுரைப் பக்கத்து ஆய்வாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரை, திண்டுக்கல், காரைக்குடி வட்டாரத்துக் கல்லூரி நூலகங்களில் புரமோஷன் படிவம் நிரப்பும் காலம் வந்தால் போதும், இந்தக் கேள்விகள் வரிசையில் வந்து நிற்கும். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறோம். முன்னால் சொன்னதைப் பின்னால் மறுபடி சொல்லவில்லை. கேள்வி எண்ணைப் பார்த்துத் திரும்பிப் போய்ப் படித்துக்கொள்ளுங்கள்.

1. சைட்டேஷன்னா சரியா என்ன சார்? என் பேப்பரை 900 பேர் டவுன்லோட் பண்ணியிருக்காங்க, அது கணக்குல வராதா?

வராது. இன்னொரு கட்டுரையின் கடைசியில் இருக்கும் மேற்கோள் பட்டியலில் உங்கள் கட்டுரை இடம்பெற்றால் அது ஒரு சைட்டேஷன். அந்தக் கட்டுரைக்குள் உங்களை ஐந்து இடத்தில் குறிப்பிட்டிருந்தாலும் பட்டியலில் ஒரு தடவைதான், கணக்கிலும் ஒன்றுதான். டவுன்லோடு என்பது படிக்க எடுத்ததற்கு அடையாளம், பயன்படுத்தியதற்கு அல்ல.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். "இவர் சொன்னது தவறு" என்று எழுதி உங்களை மேற்கோள் காட்டினாலும் அதுவும் ஒன்றுதான். எண்ணுகிற இயந்திரம் பட்டியலை மட்டும் பார்க்கிறது, திட்டையும் பாராட்டையும் பிரிப்பதில்லை. 1964-இல் யூஜின் கார்ஃபீல்டு அறிவியல் மேற்கோள் அட்டவணையைக் கொண்டுவந்தபோது அதன் முதல் வேலை தேடல்தான்: ஒரு பழைய கட்டுரையைப் பிடித்துக்கொண்டு, அதைப் பிறகு யார் யார் எடுத்தாண்டார்கள் என்று கண்டுபிடிப்பது. ஆளுக்கு மதிப்பெண் போடும் பழக்கம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது.

2. எச்-இண்டெக்ஸ் கையால போட முடியுமா?

முடியும், ஐந்து நிமிட வேலை. குறைந்தது 6 சைட்டேஷனாவது வாங்கிய கட்டுரைகள் 6 இருந்தால் எச்-இண்டெக்ஸ் 6, இப்படிப் பொருந்தும் மிகப் பெரிய எண்தான் அது. கட்டுரைகளை அதிக சைட்டேஷனிலிருந்து இறங்குவரிசையில் எழுதுங்கள். ஒருவருக்கு ஒன்பது கட்டுரைகள், சைட்டேஷன் இப்படி: 34, 21, 15, 9, 6, 6, 3, 1, 0. வரிசை எண்ணையும் சைட்டேஷனையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆறாவது கட்டுரைக்கு 6 இருக்கிறது, சரி. ஏழாவதற்கு 7 வேண்டும், இருப்பதோ 3. ஆகவே எச்-இண்டெக்ஸ் 6. பத்தும் அதற்கு மேலும் வாங்கிய கட்டுரைகள் மூன்று, அதனால் ஐ10-இண்டெக்ஸ் 3. மொத்த சைட்டேஷன் 95.

இதை 2005-இல் முன்வைத்தவர் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். இதில் ஒரு ஓட்டை உண்டு. 400, 6, 6, 6, 6, 6 என்று வைத்திருப்பவருக்கும் எச்-இண்டெக்ஸ் 6-தான். அந்த 400 அங்கே காணாமல் போய்விடும். அதோடு இந்த எண் ஒருநாளும் தானாகக் குறையாது. வேலையை நிறுத்தி இருபது வருடம் ஆனவருக்கும் ஏறலாம். அதனால் 25 வருட சர்வீஸ் ஆனவரையும் போன வருடம் சேர்ந்தவரையும் இதை வைத்து ஒப்பிடுவது வீண் வேலை.

3. கூகுள் ஸ்காலர்ல 14 காட்டுது, ஸ்கோபஸ்ல 9 காட்டுது. எது உண்மை?

இரண்டும் உண்மை. எண்ணிய களம்தான் வேறு. ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளம், தான் தேர்ந்தெடுத்த இதழ்கள், மாநாட்டுத் தொகுப்புகள், நூல்களிலிருந்து வரும் சைட்டேஷனை மட்டும் எண்ணும். வெப் ஆஃப் சயின்ஸும் அப்படித்தான், பெரும்பாலும் இன்னும் குறைவாகக் காட்டும். கூகுள் ஸ்காலர் வலையில் கிடைக்கும் ஆய்வேடு, முன்வரைவு, கல்லூரித் தளத்தில் போட்ட பிடிஎஃப் எல்லாவற்றையும் அள்ளும். ஒரே கட்டுரையின் இரண்டு பிரதிகளை இரண்டாக எண்ணுவதும் உண்டு.

படிவம் எந்தத் தளத்தைக் கேட்கிறதோ அதை எழுதுங்கள். எதையும் குறிப்பிடவில்லை என்றால் தளத்தின் பெயரையும் பார்த்த தேதியையும் சேர்த்து எழுதுங்கள். தளமும் தேதியும் இல்லாத எச்-இண்டெக்ஸ், அலகு போடாத அளவு மாதிரி.

4. நான் எழுதாத பேப்பரெல்லாம் என் ஸ்காலர் புரொஃபைல்ல இருக்கு. நம்பர் கூடத்தானே செய்யுது, விட்டுரலாமா?

விடாதீர்கள். தேர்வுக் குழுவில் ஒருவர் அந்தப் பட்டியலை மேலிருந்து கீழாக ஓட்டிப் பார்த்தால் போதும். வேதியியல் ஆசிரியரின் பட்டியலில் பசுமாட்டு மடிநோய்க் கட்டுரை இருந்தால், மீதி எல்லாவற்றையும் சந்தேகத்தோடுதான் படிப்பார். புரொஃபைலில் அந்தக் கட்டுரைக்கு எதிரே டிக் போட்டு அழியுங்கள். ஒரே கட்டுரை இரண்டு வரியாக இருந்தால் இரண்டையும் டிக் செய்து ஒன்றாக இணைக்கும் பொத்தானை அழுத்துங்கள். பிறகு அமைப்புக்குள் போய், தானாகச் சேர்ப்பதை நிறுத்தி, கேட்டுவிட்டுச் சேர்க்கும்படி மாற்றுங்கள். இதைச் செய்யாவிட்டால் ஆறு மாதத்தில் மடிநோய் திரும்பி வரும்.

5. ஸ்கோபஸ்ல என் பேப்பரெல்லாம் எங்க அப்பா பேர்ல இருக்கு! எப்படி?

நம் ஊரில் அதிகம் வரும் சிக்கல் இதுதான், அதனால் நிதானமாகப் பார்ப்போம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். இதழின் படிவமோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டி வைத்திருக்கும். ஒரு ஆய்வாளர் பெயர் செல்வி, அப்பா பெயர் பாண்டி என்று வைத்துக்கொள்வோம். முதல் பெட்டியில் செல்வி, கடைசிப் பெட்டியில் பாண்டி என்று நிரப்பினால் உலகத்துக்கு அவர் "பாண்டி, எஸ்." கடைசிப் பெட்டியில் வெறும் "பி" போட்டால் அவர் "பி, எஸ்." பெயர் முழுக்க இனிஷியலாகிவிடும். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரின் எழுத்தை இனிஷியலாக வைத்தால் இன்னொரு ஆள் பிறப்பார். இப்படி ஒரே செல்விக்கு ஸ்கோபஸில் மூன்று நான்கு அடையாளம். இன்னொரு பக்கம் "எஸ். குமார்" என்று தேடினால் ஒரே புரொஃபைலுக்குள் பத்துக் குமார்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

பிரிந்து கிடந்தால் நட்டம் எவ்வளவு? ஒரு புரொஃபைலில் 9, 8, 7, 6, இன்னொன்றில் 8, 7, 6, 5 என்று இருந்தால் இரண்டிலும் எச்-இண்டெக்ஸ் 4. சேர்த்தால் 8 வரும் என்று நினைப்பார்கள், வராது. ஒன்றாக வரிசைப்படுத்தினால் 9, 8, 8, 7, 7, 6, 6, 5. ஆறாவதோடு நின்றுவிடும், எச்-இண்டெக்ஸ் 6. அப்படியும் 4-ஐ விட 6 மேல்தானே.

செய்ய வேண்டியது: முதல் கட்டுரை அனுப்பும் முன்பே ஒரு வடிவத்தை முடிவு செய்யுங்கள். அப்பா பெயரை முழுதாக முதல் பெட்டியிலும், சொந்தப் பெயரைக் கடைசிப் பெட்டியிலும் போட்டால் "பாண்டி செல்வி" என்று அச்சாகும், "செல்வி, பி." என்று பட்டியலாகும். நாம் சொல்லும் வரிசையும் அதுதான். ஆர்கிட் எண் என்பது ஆய்வாளருக்கான தனி அடையாள எண். அது இலவசம், 2012 முதல் இருக்கிறது, 16 இடங்கள், கடைசி இடத்தில் எக்ஸ் என்ற எழுத்து வந்தால் பிழை என்று பதற வேண்டாம். பழைய பெயர் வடிவங்களை அதில் மாற்றுப் பெயர்களாகச் சேருங்கள், ஒவ்வொரு கட்டுரை அனுப்பும்போதும் எண்ணைக் கொடுங்கள். ஏற்கெனவே சிதறியிருந்தால் ஸ்கோபஸில் ஆசிரியர் விவரத் திருத்தப் பகுதிக்குப் போய், உங்களுடைய புரொஃபைல்களைத் தேர்ந்து இணைக்கச் சொல்லுங்கள். அச்சான கட்டுரையில் பெயர் மாறாது. எந்த ஆளுக்குக் கீழே அடுக்குவது என்பது மட்டும் மாறும்.

6. கல்லூரி பேரு எழுதணுமா, பல்கலைக்கழகம் பேரா?

வேலை நடந்த இடத்தின் பெயர். இணைவு பெற்ற கல்லூரியில் ஆய்வு செய்துவிட்டு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் போட்டால் அந்தக் கட்டுரை கல்லூரிக் கணக்கில் சேராது, தரவரிசைக்குத் தரவு கொடுக்கும்போது அது தெரியும். கல்லூரி முன்னால், இணைவு விவரம் பின்னால்.

எழுத்துக்கூட்டலை மாற்றாதீர்கள். தெப்பக்குளத்தில் இருக்கும் தியாகராசர் கல்லூரி வேறு, திருப்பரங்குன்றத்தில் இருக்கும் தியாகராசர் பொறியியல் கல்லூரி வேறு. முதலாவது 1949-இல் தொடங்கியது, இரண்டாவது 1957-இல். ஆங்கிலத்தில் ஆளுக்கொரு எழுத்தைக் கூட்டிக் குறைத்து எழுதி, பின்னால் "பொறியியல்" என்ற சொல்லையும் சுருக்கினால் ஒன்றின் கட்டுரை இன்னொன்றின் தலையில் ஏறும். அஞ்சல் குறியீட்டு எண்ணையும் போடுங்கள், கையால் திருத்துகிறவருக்கு அது உதவும்.

7. ஜர்னலோட இம்பாக்ட் ஃபேக்டர் 4.2. அப்ப என் பேப்பருக்கு நாலு சைட்டேஷனாவது வந்துரும்ல?

அப்படி ஒரு உறுதியும் இல்லை. 2024-க்கான இம்பாக்ட் ஃபேக்டர் என்றால், 2022, 2023 இரண்டு வருடமும் அந்த இதழில் வந்தவற்றுக்கு 2024-இல் கிடைத்த சைட்டேஷனை, அந்த இரண்டு வருடக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுப்பது. 150 கட்டுரை, 630 சைட்டேஷன் என்றால் 4.2. ஆனால் அந்த 630-இல் பெரும்பங்கைச் சில கட்டுரைகளே தூக்கிக்கொண்டு போயிருக்கும், பல கட்டுரைகள் ஒன்றிரண்டோடும் பூஜ்யத்தோடும் நிற்கும். அது இதழின் சராசரி, உங்களுடையது அல்ல.

இம்பாக்ட் ஃபேக்டர் தருவது கிளாரிவேட் நிறுவனம் மட்டுமே, ஒவ்வொரு ஆண்டும் ஜூன் வாக்கில். ஸ்கோபஸ் தருவது சைட்ஸ்கோர். அது நான்கு வருடக் கணக்கு, பெரும்பாலும் பெரிய எண்ணாக இருக்கும். சில இதழ்கள் சைட்ஸ்கோரைப் பெரிதாகப் போட்டிருக்கும், அதை இம்பாக்ட் ஃபேக்டர் பெட்டியில் எழுதிவிட்டுப் பிறகு மாட்டிக்கொள்கிறவர்கள் அதிகம். இன்னொரு குறிப்பு: 2023 முதல் வளரும் இதழ்ப் பட்டியலில் உள்ளவற்றுக்கும் இம்பாக்ட் ஃபேக்டர் கொடுக்கிறார்கள். "இம்பாக்ட் ஃபேக்டர் இருக்கு, அதனால எஸ்சிஐ" (முதல் கேள்வியில் வந்த அறிவியல் மேற்கோள் அட்டவணை) என்ற பழைய கணக்கு இப்போது செல்லாது. எந்தப் பட்டியல் என்று தனியாகப் பாருங்கள்.

8. கைடு கியூ1-ங்கிறார், ஹெச்ஓடி கியூ3-ங்கிறார். ஒரே ஜர்னல்!

இரண்டு பேரும் சரியாக இருக்கலாம். ஒரு துறைப்பிரிவின் இதழ்களை வரிசைப்படுத்தி நாலாகப் பிரித்தால் மேல் கால்பகுதி கியூ1. ஒரே இதழ் இரண்டு பிரிவில் இருந்தால் ஒன்றில் கியூ1, மற்றதில் கியூ3 ஆகலாம். ஸ்கோபஸ் தரவை வைத்து சைமாகோ என்ற தளம் தருவது ஒரு கணக்கு, கிளாரிவேட் தருவது வேறு கணக்கு. தளம், பிரிவு, வருடம் மூன்றையும் எழுதினால் சண்டை முடியும்.

9. நான் கணக்குத் துறை. பக்கத்து ரூம்ல பயோடெக். அவங்க எச்-இண்டெக்ஸ் 28, எனக்கு 6. நான் என்ன தப்புப் பண்ணினேன்?

ஒரு தப்பும் இல்லை. சைட்டேஷன் என்பது ஒரு துறையின் பழக்கவழக்கம். கணிதக் கட்டுரையின் மேற்கோள் பட்டியல் குட்டையாக இருக்கும், ஒருவரோ இருவரோ மூவரோ எழுதுவார்கள், 1970-இல் வந்த தேற்றத்தை இன்றும் எடுத்தாள்வார்கள். உயிரியலில் பட்டியல் நீளம், ஆசிரியர்கள் ஏழெட்டுப் பேர், எல்லோரும் போன மூன்று வருடத்தைத்தான் அதிகம் பார்ப்பார்கள். கொடுக்கிற கை அதிகமானால் வாங்குகிற கையும் நிறையும். இம்பாக்ட் ஃபேக்டரின் இரண்டு வருட ஜன்னலுக்குள் கணிதக் கட்டுரை கண் விழிப்பதே கஷ்டம்.

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். அரவிந்த் கண் மருத்துவமனை பங்கெடுத்த ஒரு பெரிய சோதனை 2013-இல் வெளியானது. பூஞ்சையால் வரும் கருவிழிப் புண்ணுக்கு நாட்டமைசின் நல்லதா, வோரிகொனசோல் நல்லதா என்று 323 நோயாளிகளை வைத்துப் பார்த்தார்கள். நாட்டமைசின் முந்தியது. அதன்பிறகு அந்தப் புண்ணுக்கு மருந்து பற்றி எழுதுகிற யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது. அதே ஊரில் காமராசர் பல்கலைக்கழகத்தின் எம்.கே. சந்திரசேகரன் குழு, சமணர் மலைப் பக்கத்துக் குகை வௌவால்களின் நாள்முறைக் கடிகாரத்தை ஆராய்ந்தது. இருட்டுக்குள் இருக்கும் வௌவால் தன் கூட்டாளிகள் கிளம்புவதை வைத்தே நேரத்தைப் பிடிக்கிறது என்று 1981-இல் எழுதினார்கள். உயிர்க்கடிகாரத் துறையில் பெயர் பெற்ற வேலை. ஆனால் உலகத்தில் வௌவால் கடிகாரக்காரர்கள் எத்தனை பேர், கண் மருத்துவர்கள் எத்தனை பேர்?

மறுபக்கம், கருவி மாதிரிக் கட்டுரைகள். புரதத்தின் அளவைக் கண்டுபிடிக்கும் லௌரி முறை 1951-இல் வெளியானது. மூன்று லட்சத்துக்கு மேல் சைட்டேஷன். பெரிய தத்துவக் கண்டுபிடிப்பு என்பதால் அல்ல, உலகமெங்கும் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் அந்த நீலக் கரைசலைக் கலக்குகிறார்கள் என்பதால்.

10. அப்ப துறை தாண்டி ஒப்பிடவே முடியாதா?

எச்-இண்டெக்ஸை வைத்து முடியாது. துறை சார்ந்து சமன்படுத்திய அளவை வைத்து ஓரளவு முடியும். ஸ்கோபஸ் தரும் துறைவாரி மேற்கோள் தாக்க அளவில் 1 என்பது உலகச் சராசரி. உங்கள் கட்டுரை வாங்கிய சைட்டேஷனை, அதே துறை, அதே வருடம், அதே வகைக் கட்டுரைகள் சராசரியாக வாங்கியதால் வகுப்பார்கள். 3 வாங்க வேண்டிய இடத்தில் 6 வாங்கிய கணக்குக் கட்டுரைக்கு 2. 20 வாங்க வேண்டிய இடத்தில் 20 வாங்கிய பயோடெக் கட்டுரைக்கு 1. பக்கத்து ரூமைப் பார்த்துக் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம்.

ஆனால் நாலைந்து கட்டுரை மட்டும் வைத்திருப்பவருக்கு இந்த எண் ஊஞ்சலாடும். ஒரே ஒரு கட்டுரை பிரபலமானால் சராசரி மேலே பறக்கும். சமன்படுத்தினாலும் ஏமாற்ற இடம் உண்டு. எண்ணிக்கை சின்னதான துறையில் சிறு கூட்டம் சேர்ந்து ஒருவரை ஒருவர் தூக்கிவிடலாம். அந்தக் காரணத்தால்தான் 2023-இல் கிளாரிவேட் தன் உயர் மேற்கோள் ஆய்வாளர் பட்டியலில் கணிதத்தையே எடுத்துவிட்டது.

11. தமிழ்த் துறைக்கு இதெல்லாம் எதுக்குங்க? நாங்க எழுதுறது எதுலயும் வர்றதில்லையே.

பெரும்பாலும் வராது, அது தளத்தின் குறை. ஸ்கோபஸும் வெப் ஆஃப் சயின்ஸும் ஆங்கில இதழ்களை மையமாக வைத்தவை. தமிழாய்வின் கனமான வேலை நூலிலும் பதிப்பிலும் அகழாய்வு அறிக்கையிலும் இருக்கிறது. மதுரைக்குப் பக்கத்தில் கீழடியையே பாருங்கள். கரிமக் காலக்கணிப்பு கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை போனதை ஊர் உலகமே பேசியது 2019-இல் மாநிலத் தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கையிலிருந்துதான், ஒரு ஸ்கோபஸ் கட்டுரையிலிருந்து அல்ல.

உங்களுக்குக் கூகுள் ஸ்காலர் கொஞ்சம் உதவும், அதில் நூல்களையும் கையால் சேர்க்கலாம். தமிழ்த் தலைப்போடு ஆங்கில எழுத்துப்பெயர்ப்பையும் கொடுத்தால் தேடலில் அகப்படும். படிவத்தில் சைட்டேஷன் பெட்டியைக் காலியாக விட்டுவிடாமல், உங்கள் நூலை எந்த ஆய்வேடுகள் எடுத்தாண்டன என்று இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் தொகுப்பான சோத்கங்காவில் தேடி எழுதுங்கள். உழைப்புதான், ஆனால் குழுவுக்குப் புரியும்.

12. யுஜிசி-கேர் லிஸ்ட் இருக்கா, போயிருச்சா?

போய்விட்டது. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) தரமான ஆய்விதழ்கள் என்று 2018 கடைசியில் அறிவித்துத் தொடங்கிய அந்தப் பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டார்கள். பதிலுக்கு, இதழைத் தேர்ந்தெடுக்கப் பார்க்க வேண்டிய அம்சங்களைச் சொல்லி, முடிவைக் கல்வி நிறுவனங்களிடம் விட்டிருக்கிறார்கள். பட்டியல் இருந்த காலத்தில் வெளியிட்டவர்கள், அப்போது இதழ் பட்டியலில் இருந்ததைக் காட்டும் தேதியிட்ட அச்சுப் பிரதியைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேடினால் கிடைப்பது பாடு.

13. பிஎச்டி சப்மிட் பண்ண எத்தனை பேப்பர் கட்டாயம்?

யுஜிசி-யின் 2022 விதிமுறையில் கட்டாயம் இல்லை. பல்கலைக்கழகம் தனியாக வைத்திருக்கலாம். நீங்கள் பதிவு செய்த ஆண்டுக்குப் பொருந்தும் விதியை ஆய்வுப் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

14. வேலைக்கும் புரமோஷனுக்கும் ஆத்தர் வரிசை முக்கியமா?

மிக முக்கியம். யுஜிசி 2018 விதிமுறையில் நேரடி நியமனத்துக்கு இணைப் பேராசிரியர் என்றால் குறைந்தது 7 கட்டுரையும் ஆய்வு மதிப்பெண் 75-உம், பேராசிரியர் என்றால் 10 கட்டுரையும் 120-உம். இரண்டு பேர் எழுதினால் ஆளுக்கு 70 விழுக்காடு. இரண்டுக்கு மேல் போனால் முதல் அல்லது தொடர்பு ஆசிரியருக்கு 70, மற்றவர்களுக்கு ஆளுக்கு 30. 20 மதிப்பெண் கட்டுரையில் நடுவில் நிற்பவர் கைக்கு வருவது 6.

இதனால் எல்லோரும் தொடர்பு ஆசிரியராக ஆசைப்படுவார்கள். யார் என்பதைச் சோதனை தொடங்கும்போதே பேசிவிடுங்கள். ஏற்பு வந்த பிறகு வரிசையை மாற்றச் சொன்னால் இதழ் எல்லோருடைய கையெழுத்தையும் கேட்கும், பலர் மாற்றவே மாட்டார்கள்.

15. காசு கேட்கிற ஜர்னல் எல்லாமே போலியா?

இல்லை. திறந்த அணுக்க இதழ்கள் பல, கட்டணம் வாங்கியே நடக்கின்றன. சந்தா இதழ்களில் பெரும்பாலும் கட்டணமே இல்லாமல் வெளியிடலாம் என்பதையும் நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். சந்தேகப்பட வேண்டியது வேகத்தையும் பேச்சையும்: "ஏழு நாளில் வெளியீடு, ஸ்கோபஸ் உறுதி" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் நடுவர் யாரும் படிக்கப் போவதில்லை.

சோதிக்கும் முறை: இதழுக்குரிய ஐஎஸ்எஸ்என் எண்ணை எடுத்து ஸ்கோபஸ் இதழ்ப் பட்டியலில் தேடுங்கள், பெயரை வைத்துத் தேடாதீர்கள். பதிவு எந்த வருடம் வரை என்று பாருங்கள். நிறுத்தப்பட்டது என்றிருந்தால் அங்கேயே நில்லுங்கள். பிறகு அந்தப் பதிவில் இருக்கும் இணைப்பின் வழியே இதழின் தளத்துக்குப் போங்கள். மின்னஞ்சலில் வந்த இணைப்பு வேறு முகவரிக்குப் போனால் அது கடத்தப்பட்ட இதழ்: உண்மையான இதழின் பெயரையும் எண்ணையும் திருடி வைத்த தளம். கடைசியாக, பழைய கட்டுரை ஒன்றின் டிஓஐ எண்ணை, அதாவது அந்தக் கட்டுரையின் நிரந்தர அடையாள எண்ணைத் தட்டிப் பாருங்கள், அந்தக் கட்டுரையே திறக்க வேண்டும். பணம் ஏற்புக் கடிதத்துக்குப் பின்தான், தனி ஆளின் யுபிஐ எண்ணுக்கு ஒருபோதும் இல்லை.

பெரிய பதிப்பகம் என்பதும் காப்பு அல்ல. ஹிந்தாவி இதழ்களிலிருந்து 2023-இல் மட்டும் எட்டாயிரத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன, பெரும்பாலும் சிறப்பிதழ்களில் நுழைந்தவை.

16. என் பேப்பரை நானே சைட் பண்ணலாமா? ஒருத்தர் "பேக்கேஜ்ல சைட்டேஷன் ஏத்தித் தர்றேன்"ங்கிறார்.

முந்தைய கட்டுரையின் தொடர்ச்சி என்றால் நீங்களே மேற்கோள் காட்டுவதுதான் நேர்மை. அளவு மீறினால் தெரியும்: ஸ்கோபஸில் ஒரு தேர்வைத் தட்டினால் சுய மேற்கோள் நீக்கிய எச்-இண்டெக்ஸ் வந்துவிடும். 18 என்று எழுதியது 9 ஆகி நின்றால் நேர்காணலில் பதில் சொல்ல வேண்டும்.

பேக்கேஜ்காரரிடம் போகாதீர்கள். அவர் ஏற்றும் சைட்டேஷன் உங்கள் தலைப்புக்குச் சம்பந்தமில்லாத, ஒரே மாதத்தில் வந்த, ஒரே சில இதழ்களின் கட்டுரைகளிலிருந்து வரும். வருடவாரிப் பட்டையில் அது தென்னை மரம் மாதிரித் தனியாக நிற்கும். அந்தக் கட்டுரைகள் திரும்பப் பெறப்படும்போது உங்கள் பெயரும் சேர்ந்து அலசப்படும்.

17. உலக டாப் 2 சதவீத விஞ்ஞானி லிஸ்ட்ல பேர் வந்திருக்கு. கேட்டுல ஃபிளெக்ஸ் வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் எந்தப் பட்டியல் என்று எழுதி வையுங்கள். ஸ்டான்ஃபோர்டின் அயோனிடிஸ் குழு ஸ்கோபஸ் தரவில் போடுவது இது. 22 துறை, 174 உட்துறை. மொத்த சைட்டேஷன், எச்-இண்டெக்ஸ், கூட்டாசிரியர் எண்ணிக்கைக்கு ஏற்ப இறக்கிய எச்-இண்டெக்ஸ், தனியாக எழுதியவை, தனியாகவோ முதலாசிரியராகவோ எழுதியவை, தனியாகவோ முதல் அல்லது கடைசி ஆசிரியராகவோ எழுதியவை ஆகியவற்றுக்கு வந்தவை என்று ஆறு அளவுகளைச் சேர்க்கிறார்கள். வாழ்நாள் பட்டியல் வேறு, ஒரு வருடப் பட்டியல் வேறு. நம் ஊர் ஃபிளெக்ஸில் பெரும்பாலும் இரண்டாவது ஏறி, முதலாவது மாதிரிப் படிக்கப்படுகிறது. 5-ஆம் கேள்வியில் சொன்ன புரொஃபைல் கோளாறு இருந்தால், இன்னொரு குமாரின் உழைப்பும் அதில் கலந்திருக்கலாம். சரிபார்த்துவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.

18. எல்லாரும் என் முறையைப் பயன்படுத்துறாங்க, ஆனா சைட் பண்றதில்லை. என்ன செய்ய?

முறை மிகவும் புழக்கத்துக்கு வந்துவிட்டால் இப்படி ஆகும். ஜி.என். ராமச்சந்திரனும் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் சென்னையில் இருந்து 1963-இல் வெளியிட்ட வரைபடம் இன்று புரத அமைப்பு பார்க்கும் ஒவ்வொரு மென்பொருளிலும் இருக்கிறது. "ராமச்சந்திரன் வரைபடம்" என்று எழுதிவிட்டு மூலக் கட்டுரையைப் பட்டியலில் போடாமலே போகிறவர்கள் எத்தனையோ பேர். பெயரே சொல்லாகிவிட்டது.

உங்கள் முறை இன்னும் அந்த உயரத்துக்குப் போகவில்லை என்றால், செயல்முறையைத் தனிக் கட்டுரையாகவோ டிஓஐ உள்ள நெறிமுறையாகவோ போடுங்கள். "இதைப் பயன்படுத்தினால் இப்படி மேற்கோள் காட்டவும்" என்று ஒரு வரியை மென்பொருளிலும் தரவுத் தொகுப்பிலும் சேருங்கள். பயன்படுத்தியவருக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதலாம், அச்சாகும் முன் என்றால் சேர்ப்பார்கள்.

19. பயோடேட்டாவுல கடைசியா எப்படித்தான் எழுதுறது?

ஒரு வரி போதும்: "ஸ்கோபஸ், பார்த்த தேதி இது, கட்டுரைகள் 23, சைட்டேஷன் 310, சுய மேற்கோள் நீக்கி 262, எச்-இண்டெக்ஸ் 9." கீழே ஆர்கிட் எண். அதற்கும் கீழே நீங்களே பெருமைப்படும் மூன்று கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் அதில் உங்கள் கை எதில் பட்டது என்று இரண்டு வரி. நேர்காணல் குழு பெரும்பாலும் இந்த மூன்றிலிருந்துதான் கேள்வியைத் தொடங்கும்.